செவ்வாய்க்கிழமைக் கையெழுத்து

செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து பத்து.

மலாயாவில், ஈப்போவை அடுத்த லகாட் ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில், புகைக்கொட்டகையின் பூட்டைத் திறந்து கதவை இழுத்த, சாவி வைத்திருந்த கூலியாள் சின்னையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வாசலுக்கு ஒரு முழம் உள்ளே பத்துமலை குப்புறக் கிடந்தான். உயிர் போய்ச் சில நிமிஷங்களாவது ஆகியிருக்கும். விரல் நுனிகளில் தோல் இல்லை. கதவின் உட்பக்கப் பலகையில் புதிய கீறல்கள் இருந்தன.

பத்துமலை அந்தக் கொட்டகையில் பதினோரு வருஷம் வேலை செய்தவன். ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்து, நாள் கணக்கில் புகை காட்ட வேண்டும். நடுநடுவே ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஷீட்டுகளைத் திருப்பிவிட்டு ஓடிவர வேண்டும். அன்றைக்கும் போனான். அவன் உள்ளே இருக்கும்போது யாரோ கதவைச் சாத்தி, கொண்டியில் தொங்கிய பூட்டை அழுத்திவிட்டுப் போய்விட்டார்கள். அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு அது. சாவி வேண்டாம், கல்மனசு இருந்தால் போதும்.

கத்தியிருப்பான். யாருக்குக் கேட்கும்? அன்று ஆயுத பூஜை. தோட்டத்து ஜனம் முழுவதும் மாரியம்மன் கோயிலில் கூடியிருந்தது. பால்வெட்டும் உளிகளையும் வாளிகளையும் அம்மனுக்கு முன்னால் அடுக்கிப் பொட்டு வைத்து, மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை மேளம் முழங்கிக்கொண்டே இருந்தது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை ஈப்போவில் கிளப்பில் இருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் ஸ்டானிஸ்லாஸ், மகள் ஹில்டாவுக்குக் கல்யாணச் சேலை எடுக்க அவளையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போயிருந்தார்.

தோட்டத்து ஆட்களில் கோயிலுக்கு வராதவர்கள் இரண்டே பேர். ஒருவன் பால்வெட்டுக்காரன் ஜெயபாலன். மற்றவன் காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கிராணி பெர்னார்ட்.

இருவருக்கும் பத்துமலை மேல் கோபம் இருக்கக் காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஜெயபாலனின் தங்கை முத்தம்மாவைக் கிராணி பிரம்பால் அடித்தான். அவள் வயிற்றிலிருந்த பிள்ளை கலைந்துபோனது. பார்த்த ஒரே சாட்சி பத்துமலை. வரும் திங்கட்கிழமை தொழிலாளர் கந்தோரில், அதாவது சர்க்கார் ஆபீசில், விசாரணை. ஆனால் போன திங்கட்கிழமை, பத்துமலை பின்வாங்கிவிட்டான் என்று ஆட்கள் குடியிருக்கும் லயமெங்கும் பேச்சுக் கிளம்பியது. ஜெயபாலன் நாற்பது பேர் பார்க்க அவன் சட்டையைப் பிடித்து, "உன்னை உசுரோட விடமாட்டேன்டா" என்று கத்தினான். மறுநாள் பத்துமலை செத்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் கார்த்திகேசு அன்று மாலையே இருவரையும் விசாரித்தார். இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை லகாட் வாசகசாலையில் இருந்தேன். மற்றவன் அங்கே இல்லை.

கிராணி வீட்டுக்குப் போனான். ஜெயபாலன் லாக்கப்புக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று பதினைந்து.

லகாட் வாசகசாலை என்பது ஈப்போவில் இருக்கும் பெரிய வாசகசாலையின் கிளை. கீழே சீன முதலாளியான தவுக்கேயின் சைக்கிள் கடை, மேலே ஒரே நீள அறை. மாடிப்படி பின்சந்தில் இருந்ததால் யார் ஏறினார், யார் இறங்கினார் என்று தவுக்கேக்குத் தெரியாது. சன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. புத்தகம் திருட்டுப் போகாமல் இருக்கப் போட்டது. ஹில்டாவுக்கு இந்த மூன்று நாளாக அது லாக்கப் கம்பி மாதிரித் தெரிந்தது.

அவளுக்கு வயது இருபது. காலையில் ஈப்போவில் கான்வென்ட் பள்ளியில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாள். மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை இங்கே அரைநாள் உதவியாளர் வேலை: புத்தகம் எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்ததை அடுக்குவது, பத்திரிகைகளைக் கம்பில் கோப்பது. முழுநேர நூலகர் உடையப்பன் புதன்கிழமை விடியற்காலையில் பூஜையை முடித்துக்கொண்டு, பத்துமலை செத்த சேதி தன் காதில் விழுமுன்பே ரயிலேறி, பினாங்கில் நாகப்பட்டினம் கப்பலைப் பிடித்துவிட்டார். இனி ஏழு நாள் அவரைச் சுற்றித் தண்ணீர்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிராணி பெர்னார்டும் ஹில்டாவும் ஒரே மாதாகோயிலைச் சேர்ந்தவர்கள். இருவருக்கும் கல்யாணம் என்று கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை வரும் ஞாயிறு; அதையும் வாசித்துவிட்டால் கல்யாணம்தான். ஹில்டாவை யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு வேலை தோட்டத்தில், வீடு தோட்டத்து வீடு, துரையின் காது கிராணியின் வாயருகே. இதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

கார்த்திகேசு படியேறி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் விபூதி, கையில் தொப்பி.

"பிள்ளை, வாறவை கையெழுத்து வைக்கிற ஏட்டை ஒருக்கா தாரும். நாளைக்குப் பத்து மணிக்கு மாஜிஸ்திரேட்டுக்குக் காட்டவேணும்."

ஹில்டா வரவேட்டை எடுத்து வைத்தாள். நீல அட்டை. அட்டையின் நடுவே சந்தனமும் அதன்மேல் குங்குமமும் காய்ந்திருந்தன. கார்த்திகேசு அதைப் பார்த்தார், ஏட்டைத் திறந்தார்.

ஒவ்வொரு நாளுக்கும் மேலே தேதி, கீழே வந்தவர்களின் பேரும் நேரமும், பிறகு ஒரு வெற்று வரி, அதன்பின் மறுநாள் தேதி. உடையப்பன் அந்த வெற்று வரி விஷயத்தில் மகா கண்டிப்பு. யாராவது அதில் எழுதிவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

செவ்வாய்க்கிழமையின் கீழ் ஆறு பேர். காலையில் வந்த நான்கு பேர். ஐந்தாவது, 'ஜெயபாலன், 3 முதல் 5.30'. இந்த ஐந்தும் உடையப்பனின் உருண்டை எழுத்து. ஆறாவது, பெர்னார்டின் சாய்ந்த இங்கிலீஷ் கையெழுத்து. அதற்கு அடுத்த வரியில் புதன்கிழமைத் தேதி.

"இது கிராணியின்ர கையெழுத்துத்தானே?"

"ஆமா சார். அவரோடதுதான். எனக்குத் தெரியும்."

"இந்த ஜெயபாலனுக்கு எழுதத் தெரியாதோ?"

"தெரியும். உடையப்பன் அண்ணன்தான் சொல்லிக் குடுத்தாரு. பேர மட்டும் எழுதுவாரு."

கார்த்திகேசு முந்தைய பக்கங்களைப் புரட்டினார். ஏழெட்டு இடங்களில் ஜெயபாலனின் கோணல் எழுத்து இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவன் பட்ட பாடு தாளின் மறுபக்கத்தில் அழுந்தித் தெரிந்தது.

"பாத்தீரா? மற்ற நாளெல்லாம் தானே எழுதுறவன், செவ்வாய்க்கிழமை மட்டும் எழுதேல்லை. ஏன்? அவன் வரேல்லை. சிநேகிதன் எண்டு உடையப்பர் அவன்ர பேரைப் போட்டுவிட்டிருக்கிறார். கிராணியும் இதைத்தான் சொன்னவர்." ஏட்டை மூடினார். "நாலு நாளாக் குழம்பிக் கொண்டிருந்தனான். வந்த உடனேயே இந்த ஏட்டைப் பாத்திருக்கவேணும். பிழை என்னிலதான்."

"அவர என்ன சார் பண்ணுவாங்க?"

கார்த்திகேசு தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொலைக்கு என்ன தீர்ப்பு எண்டு உமக்குத் தெரியாதோ?"

மூன்று நாற்பது. படியில் செருப்புச் சத்தம். தமிழ்ப்பள்ளி வாத்தியார் சவரிநாதன் உள்ளே வந்தார். இன்ஸ்பெக்டருக்கு ஒரு வணக்கம், ஹில்டாவுக்கு ஒரு தலையசைப்பு. நேரே மேசைக்கு வந்து ஏட்டைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அது சாமான்யக் கையெழுத்து அல்ல. 'ச'வில் ஒரு வளையம், 'ன்'னில் ஒரு வால், இரண்டு வரியை அடைத்துக்கொண்டு நின்றது.

"இன்னிக்கு வால் கொஞ்சம் குட்டையாப் போச்சு," என்று வருத்தப்பட்டுவிட்டு, பத்திரிகைக் கம்பை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போனார்.

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் ஒரு பக்கம் பின்னால் புரட்டினாள். செவ்வாய்க்கிழமை, முதல் பெயர்: 'சவரிநாதன், 9 முதல் 10.15'. உடையப்பனின் உருண்டை எழுத்து. ஒரே வரி. வளையம் இல்லை, வால் இல்லை.

தன் பேரைப் பிறத்தியார் எழுத விடுகிற மனுஷரா இவர்?

அவளுக்குப் புதன்கிழமை மாலை நினைவுக்கு வந்தது. பெர்னார்ட் வந்தான். "தொண்டை காயுது, தண்ணி கொண்டா" என்றான். அவள் பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருவதற்குள் கீழே வண்டிக்கு இறங்கிவிட்டிருந்தான். வரவேடு மேசையில் திறந்து கிடந்தது. காற்று என்று நினைத்து மூடி வைத்தாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். ஏடு கோர்ட்டுக்குப் போகும், ஜெயபாலன் அதற்கப்பால் போவான், ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசிப்பார்கள். பேசினால் அப்பாவின் வேலை, வீடு, ஊரில் தலைநிமிர்வு எல்லாம் போகும். எந்தப் பக்கம் போனாலும் சுவர்தான். அவளுக்குப் பயமாக இருந்தது. ஒருவனை உயிரோடு பூட்டியவனோடு ஒரே கூரையின் கீழ் படுக்க வேண்டும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"சார்," என்றாள். "அட்டையில இருக்கிற இந்தப் பொட்டு எதுக்கு?"

"இதோ? சரசுவதி பூசைக்கு வச்சது. நாங்கள் வீட்டில பெட்டி, சாவி, புத்தகம் எல்லாத்திலயும் வைக்கிறதுதான்."

"நாங்க வேதக்காரங்க, எனக்குத் தெரியாது. பூசைக்கு வச்ச புத்தகத்த அன்னைக்கே எடுத்து எழுதலாமா?"

"சீச்சீ, தொடப்படாது. புத்தகம், பேனை, மைக்கூடு எல்லாத்தையும் துணியால மூடி வச்சிடுவம். அடுத்த நாள் விசயதசமி காலமை துணியை எடுத்துப் போட்டுத்தான்..."

அவர் நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது.

பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய பொட்டு அது. பழகிய கண்ணுக்கு அது சொன்ன சேதி தெரியவில்லை.

"வாத்தியார் ஐயா," என்று ஹில்டா சன்னல் பக்கம் திரும்பினாள். "செவ்வாக்கிழமை நீங்க ஏன் கையெழுத்துப் போடல?"

சவரிநாதன் பத்திரிகையைத் தாழ்த்தினார். மூன்று நாளாக அடக்கி வைத்த குறை அது. "எங்கம்மா போட விட்டாரு உங்க உடையப்பன்! ஏடு, பேனா, மை, எல்லாம் அலமாரிக்கு முன்னாடி வெள்ளைத் துணிக்குள்ள. பேப்பர் மட்டும் படிச்சிட்டுப் போங்க, நாளைக்கு விடிஞ்சதும் நானே உங்க பேர எழுதிடுறேன்னாரு. நான் என்ன கைநாட்டா?"

"நாளைக்குப் பத்து மணிக்கு இதைக் கோர்ட்டில சொல்லுவீரோ?" என்றார் கார்த்திகேசு.

"எங்க வேணாலும் சொல்லுவேன்."

நான்கு ஐம்பது. கீழே மாட்டுவண்டி வந்து நின்றது. பெர்னார்ட் தினமும் இந்த நேரத்துக்கு வந்து ஹில்டா வேலை முடியும்வரை காத்திருந்து அவளை வண்டியில் கூட்டிப்போவான். வரச்சொல்லி அவள் கேட்டதில்லை. வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் குடை, முகத்தில் சிரிப்பு. இன்ஸ்பெக்டரைக் கண்டதும் சிரிப்பு ஒரு சுற்றுப் பெருத்தது.

"என்ன சார், ஏடு கிடைச்சிச்சா?"

"கிடைச்சது. உம்முடைய கையெழுத்தும் கிடக்குது. இரும். ரெண்டு கேள்வி. செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வந்தனீர்?"

"மூணு."

"வந்த உடனே கையெழுத்து வச்சீரோ, போகேக்கையோ?"

"வந்த உடனே. இது ரூல் லா, சார்."

"எங்க வச்சு எழுதினீர்?"

"இதே மேசையிலதான்."

"எந்தப் பேனையால?"

பெர்னார்ட் மேசையைப் பார்த்தான். "இந்தப் பேனாதான். உடையப்பன்தான் மையில தொட்டு எடுத்துக் குடுத்தாரு. பெரிய மனுசன், மரியாத தெரிஞ்சவரு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சன்னலோரம் சவரிநாதன் பத்திரிகையை மடித்து வைத்தார்.

"நீங்க செவ்வாக்கிழமை இங்க வரல," என்றாள் ஹில்டா. "வந்திருந்தா பேனா எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு இந்த ஏடு சாமிக்கு முன்னாடி இருந்துச்சு. வந்த அஞ்சு பேர்ல ஒருத்தர்கூட கையெழுத்துப் போடல. உடையப்பன் அண்ணன்தான் புதன்கிழமை விடியக்காலம் ஞாபகத்துல எழுதி வச்சிட்டுக் கப்பல் ஏறினாரு. ஜெயபாலன் அண்ணன் பேரு அவரு கையில இருக்கிறதுதான் அவரு வந்ததுக்குச் சாட்சி. சொந்தக் கையில எழுதியிருக்கிற ஒரே ஆளு நீங்க. வராத ஒரே ஆளும் நீங்க."

"ஹில்டா..."

"ஒவ்வொரு நாளுக்கும் கீழ அண்ணன் ஒரு வரி விடுவாரு. செவ்வாக்கிழமைக்குக் கீழ மட்டும் அந்த வரி இல்ல. அதுலதான் நீங்க எழுதினீங்க. புதன்கிழமை, நான் உங்களுக்குத் தண்ணி எடுக்கப் போனப்போ."

உளியும் வாளியும் அம்மனுக்கு முன்னால் போகும் என்பது பெர்னார்டுக்குத் தெரியும். அந்த மேளச் சத்தத்தை நம்பித்தான் பூட்டை அழுத்தினான். வாசகசாலையில் பேனாவும் ஏடும்கூட அப்படிப் போகும் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. ஆயுதம் என்றால் கூலிக்காரனின் ஆயுதம்தான் என்று நினைத்துவிட்டான்.

அவன் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. ஹில்டாவைத்தான் பார்த்தான். "ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை," என்றான் மெதுவாக. "உங்கப்பாவ நெனச்சியா?"

"நெனச்சேன்," என்றாள் அவள்.

கார்த்திகேசு எழுந்து கதவுக்கும் பெர்னார்டுக்கும் நடுவே நின்றார். "பத்துமலை பின்வாங்கினவன் எண்டு லயத்தில கதை பரப்பினது ஆர் எண்டு எனக்கு இப்ப விளங்குது. பழி போட ஒரு ஆள் வேணுமெல்லோ? ஆனா மிஸ்டர் பெர்னார்ட், அவன் பின்வாங்கேல்லை. தொழிலாளர் கந்தோரில போன சனிக்கிழமையே வாக்குமூலம் குடுத்துக் கைநாட்டும் வச்சிட்டான். அந்தக் கடதாசியை நேற்று என்ர கண்ணால பாத்தனான். அவனைக் கொன்றும் உமக்கு ஒரு பிரயோசனமும் இல்லை."

பெர்னார்ட் நாற்காலியில் உட்கார்ந்தான். குடை கையிலிருந்து நழுவியது. அதை யாரும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை, பகல் பதினொன்று நாற்பது.

மாஜிஸ்திரேட் ஒன்றரை மணி நேரம் கேட்டார். சவரிநாதன் வாக்குமூலத்தில் போட்ட கையெழுத்து மூன்று வரியை அடைத்தது. பெர்னார்டைக் கொலைக் குற்றத்துக்கு மேல்கோர்ட்டுக்கு அனுப்பினார்கள். ஜெயபாலனை விடச் சொன்னார்கள்.

ஹில்டா ஈப்போ கோர்ட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றாள். ஸ்டானிஸ்லாஸ் வரவில்லை. காலையில் துரை அவரைக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அப்பா அவளைத் திட்டவில்லை. கல்யாணச் சேலையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, மேலே மருந்துப் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

லாக்கப் கதவு திறந்தது. போலீஸ்காரன் பக்கத்தில் விலகி நின்றான். ஜெயபாலன் வாசற்படிக்கு உள்ளேயே நின்றான். நான்கு நாள் தாடி. கண் வெளிச்சத்துக்குக் கூசியது.

"போலாமா?" என்று போலீஸ்காரனைக் கேட்டான்.

"போ லா. விட்டாச்சு."

மறுபடியும் கேட்டான். "போலாமா?"

ஹில்டா கிட்டே போனாள். "வாங்க அண்ணே. எல்லாம் முடிஞ்சிருச்சு. முத்தம்மாவுக்கு ஆள் சொல்லி அனுப்பியிருக்கேன்."

அவன் வெளியே வந்தான். பத்தடி நடந்ததும் நின்றான்.

"இன்ஸ்பெக்டர் ஒண்ணு சொன்னாரும்மா. பத்துமலை சனிக்கிழமையே கைநாட்டு வச்சிட்டானாம். எந்தங்கச்சிக்காக. நெசமா?"

"நெசந்தான்."

"நான் திங்கக்கிழமைதான் அவன் சட்டையப் புடிச்சேன். 'நான் சொல்லிட்டேன்டா பாலா, சொல்லிட்டேன்டா'ன்னு என்னமோ சொல்ல வந்தான். நான் கேக்கல. அவன் வாயிலேயே அடிச்சேன்."

கோர்ட் வேலை முடிந்து ஆட்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் நின்று ஜெயபாலனின் கையைக் குலுக்கி, "தப்பிச்சிட்டே மச்சான்" என்றார். அவன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அவன எங்க பொதச்சாங்க?" என்று கேட்டான்.

"லகாட்ல. ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

"எனக்கு இடம் காட்டுறியா?"

பன்னிரண்டு ஐந்து ரயிலில் இருவரும் லகாட்டுக்குப் போனார்கள். ரயில் ரோட்டைத் தாண்டி, ஈயம் தோண்டிய லம்பத்துக் குட்டைகளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். இடுகாட்டில் புது மண் ஒன்றே ஒன்றுதான் இருந்தது; ஹில்டா காட்ட வேண்டியிருக்கவில்லை. ஜெயபாலன் அதன் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் மண்ணில் வைத்து, "சொல்லுடா, இப்பக் கேக்குறேன்" என்றான்.